‘முடித்திருப்பேன்’ பிரெஞ்சில் தடம் மாறும் இடங்கள்: எதிர்கால நிறைவுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பிரெஞ்சில் ‘ஃப்யுத்யுர் ஆன்தேரியேர்’ எனப்படும் எதிர்கால நிறைவை அமைக்கும் விதியை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ‘ஆவுவார்’, ‘எத்ர்’ ஆகிய இரு துணைவினைகளுள் உரியதைச் சாதாரண எதிர்காலத்தில் வைத்து, அதன்பின் முதன்மை வினையின் இறந்தகால எச்சத்தைச் சேர்க்க வேண்டும். விதி இவ்வளவு சிறியது. ஆனால் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு பிரெஞ்சு கற்பவர்களின் பயிற்சித் தாள்களில் இந்த ஒரு காலத்தைச் சுற்றியே விதவிதமான பிழைகள் குவிகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை கவனக்குறைவால் வருபவை அல்ல. தமிழின் ‘முடித்திருப்பேன்’ என்ற வடிவம் பிரெஞ்சின் இந்தக் காலத்தோடு பாதி வழி வரை கைகோத்து நடந்துவிட்டு, மீதி வழியில் சொல்லாமல் பிரிந்துவிடுகிறது. பிழைகள் அந்தப் பிரிவிடங்களிலேயே முளைக்கின்றன. ஆகவே கீழே விதிகளின் வரிசையைப் பின்பற்றாமல், தாளில் தெரியும் அறிகுறிகளின் வரிசையில் செல்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

பிரெஞ்சுச் சொற்களை இங்கே ஒலிக்கு நெருக்கமாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ‘ஓரோன்’ என்பதன் இறுதி ‘ன்’ மூக்கொலியே தவிர முழு மெய் அன்று. எழுத்தில் இருந்து ஒலிக்காமல் போகும் எழுத்துகள் பிழைக்குக் காரணமாகும் இடங்களில் அவற்றை ‘இ’, ‘எஸ்’ போன்ற ஆங்கிலப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன்.

எதற்கும் முன் துணைவினைகள் இரண்டும் மனத்தில் இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். ‘ஆவுவார்’ எதிர்காலத்தில் ‘ஜோரே, த்யு ஓரா, இல் ஓரா, நூ ஸோரோன், வூ ஸோரே, இல் ஸோரோன்’ என்று வரும். ‘எத்ர்’ எதிர்காலத்தில் ‘ஜ ஸரே, த்யு ஸரா, இல் ஸரா, நூ ஸரோன், வூ ஸரே, இல் ஸரோன்’ என்று வரும். இந்தப் பன்னிரண்டும் தடையின்றி வாயில் வராதவரை கீழே உள்ள எந்தத் திருத்தமும் நிலைக்காது.

அறிகுறி: ‘நான் சாப்பிட்டிருப்பேன்’ என்று எழுதினேன், படித்தவர் சிரித்தார்

நீங்கள் எழுதியது பெரும்பாலும் ‘ஜ ஸரே மான்ஜே’ என்றிருக்கும். அதன் பொருள் ‘நான் உண்ணப்படுவேன்’ என்பது.

தமிழில் ‘சாப்பிட்டு’ என்ற எச்சத்தோடு ‘இரு’ என்ற வினை சேர்ந்தே நிறைவு பிறக்கிறது. ‘இரு’ என்பதற்கு நேரான பிரெஞ்சு வினை ‘எத்ர்’ என்று முதல் பாடத்திலேயே கற்றுவிடுகிறோம். மேலும், ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்று உடைமையையும் ‘இரு’ கொண்டே சொல்வதால், உடைமையைக் குறிக்கும் ‘ஆவுவார்’ போன்ற தனி வினை தமிழ் மனத்தில் துணைவினையாக இடம் பிடிக்கத் தயங்குகிறது. விளைவாக, கை தானாகவே ‘எத்ர்’ பக்கம் போகிறது. ஆனால் செயப்படுபொருள் ஏற்கும் வினையோடு ‘எத்ர்’ சேர்ந்தால் பிரெஞ்சில் அது செயப்பாட்டு வினையாகிவிடும். உண்பவர் உணவாகிப் போவது இதனால்தான்.

திருத்தம்: ‘ஆவுவார்’ என்பதையே இயல்பான தேர்வாகக் கொள்ளுங்கள், ‘எத்ர்’ விதிவிலக்கு மட்டுமே. ‘ஜோரே மான்ஜே’ என்பதே சரி. செயப்பாட்டு வினையைத்தான் சொல்ல விரும்புகிறீர்கள் என்றால் அங்கும் ‘ஆவுவார்’ தேவைப்படும். ‘கடிதம் அனுப்பப்பட்டிருக்கும்’ என்பது ‘லா லெத்ர் ஓரா ஏதே ஆன்வுவாயே’ ஆகும். ‘எத்ர்’ என்ற வினையே தன் நிறைவுக்கு ‘ஆவுவார்’ உதவியை நாடுகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ‘ஜோரே ஏதே’ என்பதே சரி, ‘ஜ ஸரே ஏதே’ என்பது ஒருபோதும் வராது.

அறிகுறி: ‘ஆவுவார்’ போட்டேன், அதுவும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டது

முன்னதன் மறுபக்கம் இது. ‘ஆலே, வனீர், ஆரிவே, பார்தீர், ஆன்த்ரே, ஸோர்தீர், மோன்தே, தேஸான்த்ர், நேத்ர், மூரீர், ரெஸ்தே, தோம்பே, தவனீர், ரான்த்ரே, ரதூர்னே, பாஸே’ ஆகியவை ‘எத்ர்’ ஏற்கும் முதன்மையான வினைகள். செயல் செய்பவரையே திரும்பிச் சுட்டும் தற்சுட்டு வினைகள் அனைத்தும் ‘எத்ர்’ தான் ஏற்கும். ‘நான் படுத்திருப்பேன்’ என்பது ‘ஜ ம ஸரே கூஷே’.

இவற்றை ‘இயக்கத்தைக் குறிக்கும் வினைகள்’ என்று சுருக்கி மனப்பாடம் செய்தவர்கள் உடனே அந்தச் சுருக்கத்தை மறப்பது நல்லது. ‘மார்ஷே’ என்றால் நடத்தல், ‘கூரீர்’ என்றால் ஓடுதல். இரண்டும் இயக்கமே, இரண்டும் ‘ஆவுவார்’ தான் ஏற்கும். ‘ரெஸ்தே’ என்றால் அசையாமல் தங்குதல்; அது ‘எத்ர்’ ஏற்கிறது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கோ ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கோ மாறிவிட்டதைச் சொல்லும் வினைகள் என்று நினைவில் கொள்வது ஓரளவு பொருந்தும். பிறப்பும் இறப்பும் இப்பட்டியலில் இருப்பதற்கும் அது காரணம் சொல்கிறது. ‘ரெஸ்தே’ எந்த விளக்கத்துக்கும் அடங்காமல் தனியே நிற்கட்டும்.

இன்னும் அடிக்கப்படுகிறதா? அப்படியானால் உங்கள் வினை ‘மோன்தே, தேஸான்த்ர், ஸோர்தீர், ரான்த்ரே, ரதூர்னே, பாஸே’ ஆகிய ஆறில் ஒன்றா என்று பாருங்கள். இவை செயப்படுபொருள் ஏற்றவுடன் ‘ஆவுவார்’ பக்கம் தாவிவிடும். ‘ஜ ஸரே மோன்தே’ என்றால் ‘நான் ஏறியிருப்பேன்’. ‘ஜோரே மோன்தே லா வலீஸ்’ என்றால் ‘பெட்டியை மேலே ஏற்றியிருப்பேன்’. இந்த ஒரு இடத்தில் தமிழ் நமக்கு நல்ல துணை. ‘ஏறு’ என்பதற்கும் ‘ஏற்று’ என்பதற்கும், ‘இறங்கு’ என்பதற்கும் ‘இறக்கு’ என்பதற்கும் தமிழ் தனித்தனி வினைகளை வைத்திருக்கிறது. தன்வினை வந்தால் ‘எத்ர்’, பிறவினை வந்தால் ‘ஆவுவார்’ என்று பெரும்பாலும் போடலாம்.

அறிகுறி: எச்சத்தின் இறுதியில் ‘இ-ஆர்’ எழுதிவிடுகிறேன்

‘மான்ஜே’ என்ற ஒலி வினையின் அகராதி வடிவத்துக்கும் எச்சத்துக்கும் பொதுவானது என்பதால் வரும் எழுத்துப்பிழை இது. பிரெஞ்சுக் குழந்தைகளும் இதே பிழையைச் செய்கிறார்கள். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் விற்றலைக் குறிக்கும் வினையை வைத்துப் பாருங்கள். ‘ஜோரே வான்த்யு’ என்று எச்சம் வந்தால் உங்கள் வினைக்கும் மேற்குறியுள்ள ‘இ’ வேண்டும். ‘வான்த்ர்’ பொருந்தினால் மட்டுமே ‘இ-ஆர்’.

அறிகுறி: என் எழுத்தில் இந்தக் காலமே தலைகாட்டுவதில்லை

இது பிழையாகத் தாளில் தெரியாது என்பதால் எவரும் திருத்துவதும் இல்லை. ‘நாளைக்குள் முடித்துவிடுவேன்’ என்றுதான் தமிழில் இயல்பாகச் சொல்வோம். ‘முடித்திருப்பேன்’ என்பது சற்றே கணக்குப் பார்த்துச் சொல்வது போல் இருக்கும். ‘முடித்துவிடுவேன்’ என்று நினைப்பவர் பிரெஞ்சில் ‘ஜ ஃபினிரே’ என்று சாதாரண எதிர்காலத்தை எழுதுகிறார். அது தவறன்று, ஆனால் அது முடிக்கும் செயலைச் சொல்கிறது. நாளை என்ற எல்லையில் நின்று பார்க்கும்போது வேலை முடிந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல விரும்பினால் ‘ஜோரே ஃபினி தீசி தமேன்’ என்பதே துல்லியம்.

உங்கள் தமிழ் வாக்கியத்தில் ‘-க்குள்’ என்ற உருபோ ‘அதற்கு முன்பே’, ‘அந்த நேரத்தில் ஏற்கெனவே’ போன்ற தொடரோ வந்தால், அங்கே எதிர்கால நிறைவுக்கு இடமிருக்கிறதா என்று ஒரு கணம் நின்று யோசியுங்கள். அன்றாடப் பேச்சில் மிகவும் புழங்கும் ‘ஜோரே பியேன்தோ ஃபினி’, அதாவது ‘இதோ முடியப்போகிறது’ என்னும் வாக்கியமும் இந்தக் காலத்தில்தான் இருக்கிறது. அதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்வது பயன் தரும்.

அறிகுறி: ‘போது’ எனப் பொருள்படும் ‘கான்’ கொண்டு தொடங்கும் துணைத்தொடரில் ஒவ்வொரு முறையும் தவறு

இந்தப் பகுதியில் சற்று அதிகம் தங்க வேண்டியிருக்கிறது. நான் பார்த்தவரை தமிழரின் பிழைகளுள் இதுவே முதலிடம் பெறும்.

‘நீ முடித்ததும் சாப்பிடுவோம்.’ இந்தத் தமிழ் வாக்கியத்தில் ‘முடித்ததும்’ என்பது வடிவத்தால் இறந்தகாலம். நிகழ்வோ இன்னும் நடக்காதது. ‘வந்தவுடன்’, ‘போன பிறகு’, ‘படித்த பின்’ என எல்லாமே இப்படித்தான். இன்னொரு செயலுக்கு முந்தியது என்பதை மட்டும் தமிழ் எச்சம் சொல்கிறது. அது எந்தக் காலத்தில் நடக்கும் என்பதை முற்றுவினையிடம் விட்டுவிடுகிறது. சிக்கனமான ஏற்பாடு. பிரெஞ்சு இந்தச் சிக்கனத்தை ஏற்பதில்லை. துணைத்தொடரின் வினையும் தான் எதிர்காலத்தைச் சேர்ந்தவன் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அதோடு மற்றதற்கு முந்தியவன் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒருசேரச் சொல்லும் வடிவமே எதிர்கால நிறைவு.

‘முடித்ததும்’ என்பதில் உள்ள இறந்தகாலத்தை நம்பி ‘கான் த்யு ஆ ஃபினி, நூ மான்ஜ்ரோன்’ என்று எழுதுவது அதனால்தான் பிழையாகிறது. சரியான வாக்கியம் ‘கான் த்யு ஓரா ஃபினி, நூ மான்ஜ்ரோன்’ என்பதாகும். ‘லோர்ஸ்க்’, ‘தே க’, ‘ஓஸிதோ க’, ‘யூன் ஃபுவா க’, ‘ஆப்ரே க’ ஆகிய இணைப்புச் சொற்களுக்கும் இதுவே நடைமுறை. முதன்மைத் தொடரில் ஏவல் வந்தாலும் அது எதிர்காலத்தையே நோக்குவதால் விதி மாறாது. ‘முடித்ததும் என்னைக் கூப்பிடு’ என்பது ‘ஆபெல் முவா கான் த்யு ஓரா ஃபினி’.

இதைக் கற்ற வேகத்தில் ‘கான்’ வரும் இடமெல்லாம் எதிர்கால நிறைவைப் போடும் எதிர்ப்பிழையும் உண்டு. கீழுள்ள இணையைப் பாருங்கள். ‘கான் ஜ ஸரே ஆ பாரீ, ஜ தாபெல்ரே’ என்றால் ‘பாரிசில் இருக்கும்போது உன்னை அழைப்பேன்’. இரண்டும் ஒரே நேரத்தவை, ஆகவே இரண்டும் சாதாரண எதிர்காலம். ‘கான் ஜ ஸரே ஆரிவே ஆ பாரீ, ஜ தாபெல்ரே’ என்றால் ‘பாரிசுக்குப் போய்ச் சேர்ந்ததும் அழைப்பேன்’. ஒன்று முடிந்த பின்னரே மற்றது, ஆகவே முதலாவது நிறைவு. தமிழில் ‘-ம்போது’ வந்தால் சாதாரண எதிர்காலம், ‘-ததும், -தவுடன், -த பிறகு’ வந்தால் எதிர்கால நிறைவு என்ற சோதனை இங்கே ஏறத்தாழ எப்போதும் கைகொடுக்கும்.

வழக்கமாக நடப்பதைச் சொல்லும்போது மட்டும் ‘கான் ஜே ஃபினி, ஜ ம ரபோஸ்’ என்பது பிழையற்றது. ‘வேலை முடிந்ததும் ஓய்வெடுப்பது என் வழக்கம்’ என்பது அதன் பொருள். முதன்மைத் தொடர் நிகழ்காலத்தில் இருப்பதைக் கவனியுங்கள்.

‘தான் க’ என்ற இணைப்புச் சொல்லுக்குத் தனியே ஒரு சொல். ‘நீ முடிக்காதவரை வெளியே போக மாட்டாய்’ என்பது ‘தான் க த்யு நோரா பா ஃபினி, த்யு ந ஸோர்திரா பா’ ஆகும். தமிழில் ‘முடிக்கும்வரை’ என்றும் ‘முடிக்காதவரை’ என்றும் இரண்டு விதமாகச் சொல்லலாம். எதிர்மறையோடு வரும் ‘முடிக்காதவரை’ தான் ‘தான் க’. உடன்பாட்டோடு வரும் ‘முடிக்கும்வரை’ வேறோர் இணைப்புச் சொல்லைக் கேட்கும். அது சற்றுப் பின்னர் வருகிறது.

அறிகுறி: ‘ஸி’க்குப் பின் எழுதிய எதிர்கால நிறைவு அடிக்கப்பட்டது

நிபந்தனையைக் குறிக்கும் ‘ஸி’ தன் தொடருக்குள் எந்த எதிர்கால வடிவத்தையும் அனுமதிக்காது. ‘நண்பகலுக்கு முன் நீ முடித்திருந்தால் வெளியே போவோம்’ என்ற வருங்கால நிபந்தனையில் ‘ஸி த்யு ஆ ஃபினி ஆவான் மிதி, நூ ஸோர்திரோன்’ என்று ‘பாஸே கோம்போஸே’ எனும் இறந்தகாலமே வரும். முந்தைய பகுதியில் பிழையாக இருந்த அதே வடிவம் இங்கே சரியாகிவிடுவதால் மாணவர்கள் குழம்புவதில் வியப்பில்லை. பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் ‘லே ஸி நேம் பா லே ரே’ என்ற ஒரு வாய்ப்பாட்டைச் சொல்வார்கள். ‘ஸி’ என்ற சொல்லுக்கு ‘ரே’ என்று முடியும் வடிவங்கள் பிடிக்காது என்பது கருத்து. காதில் விழுவதோ இரம்பங்களுக்குத் திருக்கை மீன்களைப் பிடிக்காது என்ற விளையாட்டு.

ஆனால் ‘அவன் முடித்திருப்பானா என்று எனக்குத் தெரியவில்லை’ என்பதை ‘ஜ ந ஸே பா ஸில் ஓரா ஃபினி’ என்று எழுதுவது சரியே. அங்கே உள்ள ‘ஸி’ நிபந்தனை அன்று, வினா. இரண்டையும் பிரித்தறிய பிரெஞ்சுக்காரரைவிடத் தமிழருக்கு எளிது. தமிழில் ‘-ஆல்’ வந்தால் நிபந்தனை, எதிர்காலம் கூடாது. ‘-ஆ’ வந்தால் வினா, எதிர்காலம் கூடும்.

அறிகுறி: ‘முன்’, ‘வரை’ வரும் தொடர்களில் குழப்பம்

‘அவன் வருவதற்குள் முடித்திருப்பேன்’ என்பதில் நிறைவு வடிவம் முதன்மைத் தொடருக்கே உரியது. ‘ஆவான் க’ என்பது ‘ஸ்யுப்ஜோன்க்திஃப்’ எனும் விழைவு வடிவத்தைக் கேட்கும். ‘ஜோரே ஃபினி ஆவான் கில் ஆரீவ்’. ‘ஜ்யுஸ்கா ஸ க’ என்னும் ‘வரை’யும் அப்படியே. விழைவு வடிவத்துக்கு எதிர்காலமே கிடையாது என்பதால், ‘அவன் முடிக்கும்வரை காத்திருப்பேன்’ என்பது ‘ஜாதான்த்ரே ஜ்யுஸ்கா ஸ கில் ஏ ஃபினி’ என்று விழைவின் இறந்தகாலத்தைப் பெறுகிறது.

இதற்கு எதிரான ‘ஆப்ரே க’ விழைவைக் கேட்காது. ‘ஆப்ரே கில் ஸரா பார்த்தி’ என்பதே இலக்கணம். பிரெஞ்சு அகாதெமி இதில் உறுதியாக இருக்கிறது. ஆயினும் பேச்சில் ‘ஆப்ரே கில் ஸுவா பார்த்தி’ என்று பிரெஞ்சுக்காரர்களே பரவலாகச் சொல்வதைக் கேட்பீர்கள். அவர்கள் வாயில் அது வழக்கு. தேர்வுத் தாளில் அது மதிப்பெண் இழப்பு. இரு தொடர்களுக்கும் எழுவாய் ஒன்றே என்றால் இந்தச் சிக்கலையே தவிர்த்து ‘ஆப்ரே ஸாவுவார் ஃபினி’ என்று எழுதுவது அழகு.

அறிகுறி: ‘ஜோரே’ என்று எழுதும்போது இறுதியில் ‘எஸ்’ வேண்டுமா, வேண்டாமா?

‘நாளை இந்நேரம் முடித்திருப்பேன்.’ ‘நேரம் இருந்திருந்தால் முடித்திருப்பேன்.’ தமிழில் இரண்டு வாக்கியத்திலும் வினை ஒன்றே. பிரெஞ்சில் முதலாவது எதிர்கால நிறைவு. இரண்டாவது ‘கோன்திஸியோனெல் பாஸே’ எனப்படும் நிபந்தனை இறந்தகாலம். முதலாவதில் இறுதி ‘எஸ்’ இல்லை, இரண்டாவதில் உண்டு. மரபான உச்சரிப்பில் முன்னது சற்றே மூடிய ஏகாரமாகவும் பின்னது திறந்த எகரமாகவும் ஒலிக்க வேண்டும் என்றாலும், பலர் வாயில் இந்த வேறுபாடு கரைந்துவிட்டது. எனவே காதை நம்பி எழுத முடியாது.

தமிழ் ஒரே வடிவத்தில் இரண்டு பொருளை அடக்கியிருப்பதும், பிரெஞ்சு ஒரே ஒலியில் இரண்டு வடிவத்தை அடக்கியிருப்பதும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் படித்தவர்களையும் விடுவதில்லை. இரண்டு சோதனைகள் உண்டு. தமிழ்ச் சோதனை: வாக்கியத்தில் ‘-இருந்திருந்தால்’, ‘-த்திருந்தால்’ என்ற நிறைவேறாத நிபந்தனை வெளிப்படையாகவோ மறைவாகவோ இருந்தால் ‘எஸ்’ வேண்டும். பிரெஞ்சுச் சோதனை: எழுவாயை ‘நூ’ என்று மாற்றிப் பாருங்கள். ‘நூ ஸோரோன் ஃபினி’ என்று வந்தால் ‘எஸ்’ இல்லை. ‘நூ ஸோரியோன் ஃபினி’ என்று வந்தால் உண்டு. ‘ஸி ஜாவே யு ல தான், ஜோரே ஃபினி’ என்ற வாக்கியத்தை ‘நூ’வுக்கு மாற்றினால் ‘ஸோரியோன்’ தானே வந்து நிற்கும்.

தமிழ்ச் சோதனையில் ஒரு விரிசல் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். முந்தைய ‘ஸி’ பகுதியில் கண்ட ‘நண்பகலுக்கு முன் நீ முடித்திருந்தால் வெளியே போவோம்’ என்ற வாக்கியத்திலும் ‘-த்திருந்தால்’ இருக்கிறது. ஆனால் அது நிறைவேறக்கூடிய நிபந்தனை. முற்றுவினை ‘போவோம்’ என்று இருக்கிறதா, ‘போயிருப்போம்’ என்று இருக்கிறதா என்பதே அங்கே தீர்ப்புச் சொல்லும்.

அறிகுறி: ‘அவன் சொன்னான்’ என்று தொடங்கினால் எல்லாம் குலைந்துவிடுகிறது

‘முடித்ததும் வருவேன் என்கிறான்’, ‘முடித்ததும் வருவேன் என்றான்’ என்ற இரண்டிலும் உள்ளே இருக்கும் கூற்றைத் தமிழ் தொடுவதில்லை. பிரெஞ்சு தொடும். ‘இல் தி கில் வியேன்த்ரா தே கில் ஓரா ஃபினி’ என்பது ‘சொன்னான்’ ஆனவுடன் ‘இல் ஆ தி கில் வியேன்த்ரே தே கில் ஓரே ஃபினி’ என்று மாறி, எதிர்கால நிறைவு நிபந்தனை இறந்தகாலமாகிவிடும். வெளியே வினை இறந்தகாலத்துக்குப் போனால் உள்ளே ‘ஓரா’ நிற்காது என்று நினைவில் கொண்டால் போதும்.

அறிகுறி: எச்சத்தின் வால் எப்போது மாறும் என்று தெரியவில்லை

‘எத்ர்’ வந்தால் எச்சம் எழுவாயின் பாலையும் எண்ணையும் பின்பற்றும். பெண் ஒருத்தி புறப்பட்டிருப்பாள் என்றால் ‘பார்த்தி’யின் இறுதியில் ஓர் ‘இ’ சேரும். பலர் என்றால் ‘எஸ்’ஸும் சேரும். ‘ஆவுவார்’ வந்தால் எழுவாயைப் பார்க்க வேண்டாம். செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘ஜோரே ஏக்ரி லே லெத்ர்’ என்பதில் எச்சம் மாறாது. ‘லே லெத்ர் க ஜோரே ஏக்ரீத்’, அதாவது ‘நான் எழுதியிருக்கும் கடிதங்கள்’ என்பதில் மாறும். அந்த மாற்றம் காதிலும் விழும். இந்த விதியை 16ஆம் நூற்றாண்டில் கவிஞர் க்ளெமான் மரோ இத்தாலிய வழக்கை முன்னிறுத்திப் பரிந்துரைத்தார். அன்று தொடங்கிய சிரமத்தை இன்றுவரை பிரெஞ்சுக்காரர்களும் முணுமுணுத்தபடியே சுமக்கிறார்கள்.

தற்சுட்டு வினைகளில்தான் உண்மையான சிக்கல். ‘ஸ’ என்ற சுட்டு இரண்டாம் வேற்றுமைப் பொருளில் வந்தால் எச்சம் மாறும். நான்காம் வேற்றுமைப் பொருளில் வந்தால் மாறாது. ‘எல் ஸ ஸரா லாவே’ என்பதில் அவள் தன்னைக் கழுவியிருப்பாள். எச்சத்தின் இறுதியில் ‘இ’ சேரும். ‘எல் ஸ ஸரா லாவே லே மேன்’ என்பதில் கழுவப்படுவது கைகள், அவை பின்னால் வருகின்றன; ஆகவே ‘இ’ சேராது. இரண்டும் ஒலியில் ஒன்றே.

இங்கே தமிழ் வேற்றுமையை அப்படியே நம்பக் கூடாது. ‘ஒருவருக்கு உதவு’ என்று தமிழில் நான்காம் வேற்றுமை வருகிறது. பிரெஞ்சு வினையான ‘ஏதே’ நேர்ச் செயப்படுபொருளையே ஏற்கிறது. அதனால் ‘ஒருவருக்கொருவர் உதவியிருப்பார்கள்’ என்பதில் எச்சத்துக்கு ‘எஸ்’ வேண்டும். ‘ஒருவருக்கு நன்றி கூறு’ என்பதற்கான ‘ரமெர்சியே’யும் அப்படியே. மாறாக, ‘ஒருவரைத் தொலைபேசியில் அழை’ என்று தமிழ் இரண்டாம் வேற்றுமையைத் தந்தாலும், ‘தேலேஃபோனே’ என்ற வினை ‘ஆ’ என்ற முன்னிடைச்சொல்லைக் கேட்பதால் எச்சம் மாறாது. ‘பார்லே’யும் மாறாது; ‘இல் ஸ ஸரோன் பார்லே’ என்பதில் ‘எஸ்’ இல்லை. அகராதியில் அந்த வினைக்குப் பின் ‘ஆ’ இருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அறிகுறி: எதிர்மறையும் சுட்டுப்பெயர்களும் இடம் மாறி விழுகின்றன

எல்லாம் துணைவினையைச் சுற்றியே அமரும். ‘ஜ நோரே பா ஃபினி’, ‘ஜோரே தேஜா ஃபினி’, ‘ஓராதில் ஃபினி?’ என்று வரும். ‘எதையும்’ என்பது எச்சத்துக்கு முன்னும், ‘எவரையும்’ என்பது எச்சத்துக்குப் பின்னும் வரும் என்பது மட்டும் தனியாக நினைவில் இருக்கட்டும்: ‘ஜ நோரே ரியேன் வ்யு’, ‘ஜ நோரே வ்யு பெர்ஸோன்’.

அறிகுறி: ‘பத்து ஆண்டுகள் ஆகியிருக்கும்’ என்பதை எழுதினால் திரும்பி வருகிறது

‘அடுத்த ஆண்டோடு நான் இங்கே வசிக்கத் தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஆகியிருக்கும்.’ தமிழில் ‘-இருக்கும்’ இருப்பதால் எதிர்கால நிறைவு என்று கை நீளும். ஆனால் வசிப்பது அப்போதும் முடிந்திருக்காது, தொடர்ந்துகொண்டிருக்கும். எனவே பிரெஞ்சு ‘லானே ப்ரோஷேன், ஸா ஃபரா தீஸான் க ஜாபீத் இசி’ என்று சாதாரண எதிர்காலத்தையும் நிகழ்காலத்தையும் சேர்த்தே சொல்கிறது.

அறிகுறி: படிக்கும் பனுவலில் எதிர்கால நிறைவு இருக்கிறது, ஆனால் பேச்சு இறந்தகாலத்தைப் பற்றியது

எழுதுவதில் அல்லாமல் படிப்பதில் வரும் இடறல் இது. மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கக்கூடும்.

முதலாவது ஊகம். ‘இல் ஓரா ஊப்லியே’ என்றால் ‘அவன் மறந்திருப்பான்’. தமிழும் பிரெஞ்சும் இங்கே மீண்டும் கைகோத்துக்கொள்கின்றன, விளக்கமே தேவையில்லை. நீங்களே எழுதும்போது மட்டும், பேச்சு நடைக்கு ‘இல் ஆ த்யு ஊப்லியே’ என்பது இன்னும் இயல்பானது என்பதைக் கருத்தில் கொள்ளுங்கள். செய்தித்தாளில் ‘ஓரா’வுக்குப் பதிலாக இறுதியில் ‘டி’ பெற்ற ‘ஓரே’ வந்தால் அது ஊகம் அன்று. ‘ல மினிஸ்த்ர் ஓரே தேமிஸியோனே’ என்பதை ‘அமைச்சர் விலகியிருப்பார்’ என்று பெயர்க்காமல், ‘விலகிவிட்டதாகக் கூறப்படுகிறது’ என்று பெயர்க்க வேண்டும். உறுதிசெய்யப்படாத தகவல் என்பதற்கான அடையாளம் அது.

இரண்டாவது கணக்குமுடிப்பு. ஒரு வாழ்வையோ காலத்தையோ பின்னோக்கி அளந்து சொல்லும்போது எழுத்துநடைப் பிரெஞ்சு இந்தக் காலத்தை விரும்புகிறது. விக்தோர் யுகோ 1851 முதல் 1870 வரை நாட்டுக்கு வெளியே வாழ்ந்தார். அதைக் குறித்து ‘யுகோ ஓரா பாஸே ப்ரே த வேன்தான் ஆனெக்ஸில்’ என்று எழுதினால் எவரும் ஊகிக்கவில்லை. ‘ஏறத்தாழ இருபது ஆண்டுகளை நாடு கடந்த வாழ்வில் கழித்தார்’ என்ற உறுதியான கூற்றே அது. தமிழில் ‘கழித்திருப்பார்’ என்று போட்டுவிட்டால் வரலாறு வதந்தியாகிவிடும். இரங்கல் குறிப்புகளிலும் ஆண்டிறுதித் தொகுப்புகளிலும் இந்த வழக்கை அடிக்கடி காணலாம்.

மூன்றாவது நிலைத்தொடர்கள். ‘த்யு லோரா வூல்யு’ என்றால் ‘நீயாகத் தேடிக்கொண்டது’. ‘ஓனோரா தூ வ்யு’ என்றால் ‘இதையும் பார்த்தாகிவிட்டது, இனி என்ன பாக்கி’. ‘ஜ தோரே ப்ரேவன்யு’ என்றால் ‘சொல்லிவிட்டேன், பிறகு என்னைக் குறை கூறாதே’. இவற்றைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் தேடுவது வீண்.

இவை எதிலும் அடங்காமல், ‘கான் ஜோரே யு ஃபினி’ என்று இரண்டு எச்சங்கள் அடுத்தடுத்து வரும் வாக்கியம் எப்போதாவது கண்ணில் பட்டால் அச்சுப்பிழை என்று அடித்துவிட வேண்டாம். எதிர்கால நிறைவுக்கும் முன்பே முடிந்துவிட்டதை வலியுறுத்தும் இரட்டைக் கூட்டு வடிவம் அது. அரிதாகவே வரும், கண்டால் புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் எழுத வேண்டிய தேவை அநேகமாக வராது.